ஒரு தரம்தான் கேட்பாள்

அத்தை வெளிநாடு போகிறேன் என்றதும் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். சம்பளம் இல்லாத வேலைக்குப் போகிறேன் என்றதும் அண்ணனுக்குப் புரையேறிவிட்டது.

"காசு வாங்காம மாடா உழைக்கறதுக்கு விமானம் ஏறிப் போகணுமா? அதைத்தான் நீ இங்கயே செய்யறியே!" என்றான். சொல்லி முடித்த பிறகுதான் வாய் தவறிவிட்டது என்று அவனுக்கே உறைத்தது. அண்ணி சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அங்க மூணு மாசத்துல விட்டுடுவாங்க அண்ணா," என்றாள் அத்தை.

அண்ணன் பிள்ளைகளுக்கு அத்தை. அவர்கள் கூப்பிடுவதைக் கேட்டுத் தெருவுக்கும் அத்தை. அவள் ரத்தம் எடுக்கும் பரிசோதனை நிலையத்தில் டாக்டர்கூட அத்தை என்றுதான் கூப்பிடுவார். எப்பேர்ப்பட்ட பருமனான கையிலும் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவாள். காலையில் வீட்டுக்குச் சமைத்துவிட்டு வேலைக்குப் போவாள், மாலையில் வந்து பாத்திரத்தையும் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தையும் சேர்த்துக் கழுவுவாள். நாற்பத்தைந்து வயது இப்படியே ஓடிப்போயிற்று.

அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு சொத்து. அப்பா அவள் பெயரில் எழுதிவைத்த அரை ஏக்கர். ஊருக்கு வெளியே சரிவான கட்டாந்தரை. மழை பெய்தால் தண்ணீர் ஒரு நிமிடம் நிற்காது, போகிற போக்கில் மேல்மண்ணையும் வாரிக்கொண்டு போய்விடும். அண்ணனுக்குத் தெரிந்த ஜவுளிக்கடைக்காரர் கிடங்கு கட்ட அந்த இடத்தைக் கேட்டார். அண்ணன் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "அதைக் கொடுத்துடலாமா?" என்றான். அத்தை குழம்பை ஊற்றிக்கொண்டே, "பாத்துக்கலாம்" என்றாள்.

அந்த வீட்டில் அத்தையின் 'பாத்துக்கலாம்' என்றால் சரி என்று பொருள். யார் அகராதியில் அப்படி எழுதினார்களோ தெரியாது. அவள் மனதில் இருந்தது வேறு. அந்தச் சரிவில் ஒரு சின்ன வீடு கட்ட வேண்டும், தன் கையால் பூட்டித் திறக்கிற கதவு ஒன்று வேண்டும், நாலு காய்கறி போட்டுத் தனியாக வாழ வேண்டும். தண்ணீர் நிற்காத இடத்தில் ஒற்றைப் பொம்பளையால் அது முடியுமா என்பதுதான் அவளுக்கே தெரியவில்லை. முடியும் என்று தெரிந்தால் விற்க மாட்டேன் என்று சொல்லிவிடலாம். தெரியாமல் சொன்னால் சிரிப்பார்கள். அதனால்தான் அண்ணன் மகள் போனில் காட்டிய விளம்பரத்தை அவள் அப்படிப் பிடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் தாங்களே விளைத்து, தாங்களே கட்டி வாழ்கிற ஒரு பண்ணை வீடு. அரை நாள் வேலை செய்தால் சாப்பாடும் படுக்கையும் உண்டு. போதாததற்குப் பண்ணைக்காரிக்குத் தமிழ் தெரியும் என்று போட்டிருந்தது.

அந்தத் தமிழில்தான் வினை இருந்தது.

பண்ணைக்காரி முப்பது வயதுப் பெண். அம்மாவிடம் கேட்டுக் கேட்டுத் தமிழ் கற்றவள், பிறந்து வளர்ந்ததெல்லாம் அந்த நாட்டில். முழங்கால் வரை சேற்றோடு வந்து அத்தையின் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். "உப்பு, ஆணி, தீப்பெட்டி. இது மூணும்தான் கடையில வாங்குவோம்," என்றாள் பெருமையாக. அவள் புருஷன் ஒரு தச்சர். தமிழில் ஒரு சொல் தெரியாது, கையாலும் சிரிப்பாலும் பேசுவார். மண்சுவர் அறை ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரு கட்டில், ஒரு பலகை, மரத்தூள் வாளி வைத்த கழிப்பறை. அதில் தண்ணீர் ஊற்றக் கூடாது, தூளைத்தான் அள்ளிப் போட வேண்டும். பாத்திரம் கழுவின தண்ணீர் குழாய் வழியாகக் கீரைப் பாத்திக்குப் போயிற்று. அத்தை ஒவ்வொன்றையும் வாயைப் பிளந்து பார்த்தாள்.

"சமையல் பண்றீங்களா, ஆடு பாத்துக்கறீங்களா, மண்வேலைக்கு வரீங்களா?" என்று கேட்டாள் பண்ணைக்காரி.

மண்வேலை என்ற சொல் அத்தையின் தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் வந்த இடத்தில் முதல் நாளே எனக்கு இதுதான் வேண்டும் என்று கேட்டால் என்ன நினைப்பார்கள்? "எதுவா இருந்தாலும் பரவாயில்லம்மா," என்றாள்.

"ரொம்ப நல்லது. அப்போ சமையல். யாருமே அதுக்கு ஒத்துக்க மாட்டாங்க," என்று பண்ணைக்காரி அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

கரண்டிக்குப் பயந்து கடல் தாண்டி வந்தவள் கையில் மறுபடியும் கரண்டி!

போகட்டும், ஒரு வாரத்தில் மாற்றிக் கொடுப்பார்கள் என்று அத்தை காத்திருந்தாள். அங்கேதான் அவள் கணக்கு தப்பியது. அந்த வீட்டில் எதையும் ஒரு தரம்தான் கேட்பார்கள். "இன்னும் கொஞ்சம் சோறு?" என்பாள் பண்ணைக்காரி. "ஐயோ, போதும்மா" என்பாள் அத்தை. நம் வீடுகளில் இது பேச்சின் ஆரம்பம். அட, என்ன இது, ஒரு கரண்டி போட்டுக்கோங்க என்று மல்லுக்கட்ட வேண்டும். இவள் தலையாட்டிவிட்டுப் பானையை மூடிவிடுவாள். அத்தை வயிறு காயப் படுத்துக்கொண்டாள். குளிருக்குக் கம்பளி வேண்டுமா என்றாள். "இருக்கட்டும்மா" என்றாள் அத்தை. இருக்கட்டும் என்றதால் அது அலமாரியிலேயே இருந்தது. ஆடு கறக்கக் கற்றுத் தரட்டுமா என்றாள். "உனக்கு எதுக்கு சிரமம்" என்றாள் அத்தை. சிரமம் வேண்டாம் என்று அவளும் விட்டுவிட்டாள். மனதுக்குள் அத்தை அவளைத் திட்டாத திட்டு இல்லை. இன்னொரு தரம் கேட்டால் இவள் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா?

மழைக்காலம் நெருங்கியது. பண்ணைக்குப் பின்னால் இருந்த சரிவில் குறுக்குக் கால்வாய் வெட்டப் போவதாகப் பேச்சு அடிபட்டது. மேலிருந்து ஓடி வரும் தண்ணீரை நிறுத்தி மண்ணுக்குள் இறக்குகிற வேலை. அத்தைக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் அரை ஏக்கரும் இதே மாதிரிச் சரிவுதான். இதைக் கற்றுக்கொள்ளத்தானே அவள் வந்ததே.

காலையில் புருஷனும் பெண்டாட்டியும் மண்வெட்டியோடு கிளம்பினார்கள். பண்ணைக்காரி சமையலறை வாசலில் நின்று, "நீங்களும் வரீங்களா?" என்றாள்.

அத்தையின் நாக்கு அவளை முந்திக்கொண்டது. "இருக்கட்டும். இங்க வேலை கிடக்கு. நீங்க போங்க."

"சரி," என்று போயே போய்விட்டாள்.

அடுப்பில் உலை கொதித்தது. அத்தைக்கு அதைவிட அதிகமாகக் கொதித்தது. அந்தப் பெண் மேல் கோபம், அதைவிடத் தன் நாக்கின் மேல் கோபம். இப்படித்தான் அவளுக்கு வந்த வரன்கள் போயின, இப்படித்தான் அவள் மேலே படிக்க நினைத்தது போயிற்று, இப்படித்தான் நிலமும் போகப்போகிறது. யாரும் அவளிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை, அவளே இருக்கட்டும் இருக்கட்டும் என்று எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அத்தைக்குக் கண் கலங்கியது. விறகை இழுத்து அடுப்பை அணைத்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கொட்டகையில் சாய்ந்திருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சரிவில் ஏறினாள்.

"சாப்பாடு ஆயிடுச்சா?" என்றாள் பண்ணைக்காரி ஆச்சரியமாக.

"இல்ல. இன்னிக்கு யார் சமைப்பாங்களோ எனக்குத் தெரியாது. நான் கால்வாய் வெட்டப் போறேன். நாளைக்கும் இதுதான்."

"இப்பதானே வேணாம்னீங்க?"

"நீ இன்னொரு தரம் கேட்டிருக்கலாமே!"

"எதுக்கு ரெண்டு தரம் கேக்கணும்? எனக்குக் காது நல்லாக் கேக்குதே."

அத்தையிடம் நாற்பத்தைந்து வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. தச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, தானே சமைக்கிறேன் என்று சைகை காட்டிவிட்டுக் கீழே இறங்கினார். அன்று அவர் பொங்கிய சோறு அடிபிடித்திருந்தது. அத்தை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாள். மூன்று தரமும் வாய் திறந்து, "இன்னும் வேணும்" என்றாள்.

கால்வாய் வெட்டுவதில் ஒரு நுணுக்கம் இருந்தது. தச்சர் இரண்டு மரக்கால்களை மேலே சேர்த்து, நடுவில் ஒரு குறுக்குக் கட்டை அடித்து, உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிட்டிருந்தார். நூல் குறுக்குக் கட்டையின் நடுக்கோட்டில் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டத்தில் இருக்கிறது என்று பொருள். ஒரு காலை ஊன்றி மறு காலைச் சுழற்றிச் சுழற்றி, சரிவின் குறுக்கே முளை அடித்துக்கொண்டு போக வேண்டும். அந்த முளைகள் வழியாக வெட்டினால் தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடாது. அத்தை முதல் தடவை அவசரத்தில் நூல் ஆடி நிற்பதற்குள் முளை அடித்தாள். பண்ணைக்காரி பார்த்துவிட்டு, "இது தப்பு. பிடுங்குங்க," என்றாள் முகத்துக்கு நேராக. அத்தைக்குச் சுருக்கென்றது. பிடுங்கினாள். முதலிலிருந்து அடித்தாள். உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது, துணியைச் சுற்றிக்கொண்டாள். இடுப்பு கழன்றுவிடும்போல இருந்தது. இருந்தும் மறுநாள் எல்லோருக்கும் முன்னால் சரிவில் நின்றது அவள்தான்.

பாதி வேலை முடிந்திருந்த ஒரு மத்தியானம், பண்ணைக்காரி மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டே கேட்டாள். "அத்தை, இருக்கட்டும்னா உண்மையில என்ன அர்த்தம்?"

"வேணாம்னு அர்த்தம்," என்ற அத்தை சிரித்தாள். "பல நேரம், வேணும், ஆனா கேக்கக் கூச்சமா இருக்குன்னு அர்த்தம். நீயே புரிஞ்சுக்கிட்டு இன்னொரு தரம் கேளுன்னு அர்த்தம்."

பண்ணைக்காரியின் மண்வெட்டி நின்றது.

"அம்மா கடைசில படுத்திருந்தப்ப கேட்டேன், ஊருக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போகட்டுமான்னு," என்றாள். "இருக்கட்டும்னாங்க. சரின்னு விட்டுட்டேன்."

அத்தை தினமும் எத்தனையோ பேரிடம் வலிக்காது என்று சொல்லி ஊசி குத்துபவள். பொய் அவளுக்குப் புதிதில்லை. இந்தப் பெண்ணிடம் அது வரவில்லை.

"போகணும்னுதான் இருந்திருக்கும்மா," என்றாள். "ஆனா அவங்களும் வாயத் திறந்து சொல்லியிருக்கணும். நீ கேட்டே. நீ கேட்டதுல ஒரு குத்தமும் இல்ல."

பண்ணைக்காரி வெட்டிய குழியிலேயே உட்கார்ந்து அழுதாள். அத்தை அவள் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். என்ன சொல்லித் தேற்றுவது? முகம் தெரியாத அந்த அம்மாள் மேல் பரிதாபமும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பெற்ற பெண்ணிடம்கூடவா மறைக்க வேண்டும்?

அண்ணன் அழைத்தபோது அத்தை மூன்றாவது கால்வாயில் நின்றாள். பண்ணையில் போனுக்கு சிக்னல் கிடைப்பது அந்த மேட்டில் மட்டும்தான்.

"எப்ப வரே? ஜவுளிக்கடைக்காரரு அவசரப்படறாரு. பத்திரத்துக்கு நாள் குறிச்சாச்சு. ஒரு மாசம் முன்னாடியே கிளம்பி வந்துடு," என்றான்.

"நான் விக்கல அண்ணா."

"சரி சரி, வந்து பேசிக்கலாம்."

"பேச ஒண்ணும் இல்ல. அது எனக்கு வேணும். அங்க நான் வீடு கட்டிக்கிட்டு இருக்கப் போறேன்."

அண்ணன் சிரித்தான். "அந்தக் கட்டாந்தரையிலயா? தண்ணிக்கு என்ன பண்ணுவே?"

"நிறுத்துவேன். எப்படி நிறுத்தறதுன்னு இப்ப எனக்குத் தெரியும்."

"தனியா ஒரு பொம்பளை... யாராவது கேட்டா என்ன சொல்றது? இங்க உனக்கு என்ன குறை வெச்சோம்?" அவன் குரல் ஏறியது. "எனக்கும் ஒரு மரியாதை இருக்கில்ல? அவருக்கு வாக்குக் கொடுத்துட்டேன். உன்னைக் கேக்காமலா கொடுத்தேன்? கேட்டேனே! பாத்துக்கலாம்னியே!"

அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். அவன் சொன்னது உண்மை. அவன் கேட்டான், அவள் அப்படித்தான் சொன்னாள். ஆனால் பண்ணைக்காரி கேட்பதற்கும் அவன் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் இப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. இவள் புரியாமல் விட்டவள். அண்ணனோ அதே வீட்டில் பிறந்து, அதே அம்மாவின் 'இருக்கட்டும்'களைக் கேட்டு வளர்ந்தவன்.

"சொன்னேன் அண்ணா. வேணாங்கறதைத்தான் அப்படிச் சொன்னேன். நான் தெளிவா சொல்லாதது என் தப்பு," என்றாள். "ஆனா ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. எனக்கு விக்க இஷ்டமில்லேன்னு அன்னிக்கே உனக்குத் தெரியும்தானே?"

அண்ணனுக்குப் பின்னால் அண்ணி யாரையோ சாப்பிடக் கூப்பிடுவது கேட்டது.

"தெரியும்," என்றான் அண்ணன்.

அவன் அப்படி ஒப்புக்கொள்வான் என்று அத்தை எதிர்பார்க்கவில்லை. எத்தனை வருஷமாகத் தெரியும், வேறு எதெல்லாம் தெரியும் என்று கேட்க வாயெடுத்தாள். கேட்டால் அவனும் அழுவான், இவளும் அழுவாள், அழுகை முடியும்போது பழையபடி சரி அண்ணா என்று சொல்லிவிடுவாள். தன்னைப் பற்றி அவளுக்குத் தெரியாதா?

"அப்போ அவருகிட்ட நீயே சொல்லிடு," என்றாள். "நான் முன்னாடி வரல. இன்னும் ரெண்டு கால்வாய் பாக்கி இருக்கு."

போனை மரத்தடியில் வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தாள். போன் மறுபடியும் அடித்தது. அத்தை திரும்பிப் பார்க்காமல் வெட்டிக்கொண்டிருந்தாள்.