கேப்டனின் இடது கால்

தண்ணீருக்கு அடியில் கேப்டன் யார் பேச்சையும் கேட்க மாட்டார். அங்கே யாராலும் பேச முடியாது என்பதால் அது ஒரு குறையாகத் தெரிவதில்லை. கரைக்கு வந்த பிறகும் அவர் அப்படியே இருப்பதுதான் குடும்பத்துக்குப் பெரும்பாடு.

அன்று காலை படகின் நங்கூரம் பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டது. படகு நிறைய முக்குளிக்க வந்த வாடிக்கையாளர்கள்.

"நான் இறங்குறேன் மாமா" என்றான் மாப்பிள்ளை.

"நீ இறங்கினா நங்கூரத்தோட சேர்த்து உன்னையும் நான்தான் இழுக்கணும்."

ஏற்கெனவே இரண்டு முறை ஆழம் போய் வந்த மனிதர் மூன்றாவது முறையும் குதித்தார். நங்கூரம் விடுபட்டது. ஆனால் அவர் மேலே வந்த வேகத்தில் அவர் விட்ட குமிழிகளே பின்தங்கிவிட்டன. மணிக்கட்டில் இருந்த, ஆழத்தையும் ஏறும் வேகத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டே வந்தது. படகில் ஏறியதும் கேப்டன் அதைக் கழற்றி, துண்டில் சுற்றி, பையின் அடியில் போட்டார்.

வேகமாக ஏறினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆழத்தில் மூச்சுக்காற்றின் நைட்ரஜன் ரத்தத்தில் கரைகிறது. மெல்ல ஏறினால் நுரையீரல் வழியாக ஒழுங்காக வெளியேறிவிடும். அவசரப்பட்டால் உடம்புக்குள்ளேயே குமிழி கட்டும். மூட்டில் கட்டினால் வலியோடு போகும். தண்டுவடத்தில் கட்டினால் காலே போய்விடும். புதிதாக வருகிறவர்களுக்கு சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்து இதை விளக்குகிறவரே அவர்தான். வாரத்துக்கு ஒரு சட்டை அதில் நனையும்.

மதியம் கேப்டனின் முக்குளிப்புக் கடைப் பின்னறையில், காற்று நிரப்பும் சிலிண்டர்களுக்கு நடுவே, அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஈர ரப்பர் உடைகள் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தன.

"ஆக்சிஜன் எடுத்துட்டு வரட்டுமா மாமா?"

"காபி எடுத்துட்டு வா. நங்கூரம் இழுத்த வலி இது."

"கால்?"

"கால் எங்கே போச்சு? இங்கேதான் இருக்கு."

இடது செருப்பு காலிலிருந்து நழுவி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அவருக்கு அது தெரிந்த மாதிரி இல்லை.

சத்தம் கேட்டு அத்தை வந்தாள். கடைக்கு மேலேதான் வீடு. அந்த வீட்டில் இப்போது மூன்று பேர். மகள் இறந்து ஒன்றரை வருடம். அதற்குப் பிறகும் மாப்பிள்ளை மாப்பிள்ளையாகவே தங்கிவிட்டான். போகச் சொல்ல அவர்களுக்கும் தோன்றவில்லை, போக அவனுக்கும் தோன்றவில்லை.

"சோதனை பண்ணிடலாம் மாமா. உங்க சட்டம்தானே?"

கேப்டனால் மறுக்க முடியவில்லை. முக்குளித்து வந்தவர் உடம்பு சரியில்லை என்றால் உடனே நரம்புச் சோதனை செய்ய வேண்டும் என்று கடையில் வழக்கம் கொண்டுவந்ததே அவர்தான். அதில் ஒரே ஒரு சிக்கல். அடிக்கடி செய்ததில் கடையில் எல்லோருக்கும் சோதனை மனப்பாடமாகிவிட்டது.

"சிரிங்க" என்றான் மாப்பிள்ளை. முகம் ஒரு பக்கம் கோணுகிறதா என்று பார்க்க வேண்டும்.

கேப்டன் உதட்டை இழுத்தார். மாப்பிள்ளை குனிந்து பார்த்தான். எதுவும் புரியவில்லை. அவர் சிரித்து அவன் பார்த்ததே இல்லை. எது கோணல், எது இயல்பு என்று எதை வைத்துச் சொல்வது?

"அத்தை, சரியா இருக்கா?"

"கல்யாண போட்டோலயும் இதே மூஞ்சிதான்."

"நூறிலிருந்து ஏழு ஏழா கழிங்க."

"தொண்ணூத்தி மூணு எண்பத்தாறு எழுபத்தொம்பது எழுபத்திரண்டு அறுபத்தஞ்சு." ரயில் போன மாதிரி இருந்தது.

"நூத்தி ரெண்டுலேருந்து?"

கேப்டன் அவனை முறைத்தார். "அது பாடத்துல இல்ல."

"உடம்பு நல்லா இருந்தாலும் அவருக்கு அது வராதுப்பா" என்றாள் அத்தை. "மளிகைக் கணக்கே நான்தான் பாக்குறேன்."

நேர்கோட்டில் நடக்கச் சொன்னபோது, சிலிண்டர் வரிசையை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிற பாவனையில், பிடித்துப் பிடித்து நடந்து முடித்தார்.

"பாஸ்தானே? காபி எங்கே?"

"ஊசி பாக்கி இருக்கு. கண்ணை மூடிட்டு காலை நீட்டுங்க. குத்துறப்போ சொல்லணும்."

கேப்டன் கண்ணை மூடினார். அத்தை தன் புடவையிலிருந்து ஊக்கைக் கழற்றிக் கொடுக்கத் தடுமாறிக்கொண்டிருந்தாள்.

"தெரியுது" என்றார் கேப்டன்.

மாப்பிள்ளையின் கை வெறுமையாக இருந்தது.

"தெரியுது... தெரியுது... இப்போ முட்டிக்குக் கீழ. தெரியுது."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை சத்தமில்லாமல் நடந்து வாசலுக்குப் போனான். "இப்போ மாமா?"

"கட்டை விரல். மெதுவா குத்து மாப்ள, ரத்தம் வருது."

"நான் வாசல்ல நிக்கிறேன் மாமா."

கேப்டன் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் பேச வேண்டியிருக்கும். மாப்பிள்ளை திரும்பி வந்து, ஊக்கை வாங்கி, ஒன்றும் சொல்லாமல் அவரது இடது காலில் குத்தினான். பதில் இல்லை. இன்னும் மேலே, தொடையருகே. பதில் இல்லை. வலது காலில் குத்தினான்.

"டேய்!"

மாப்பிள்ளை ஊக்கை அத்தையிடம் திருப்பிக் கொடுத்தான்.

"எப்பலேருந்து?"

"படகு கரைக்கு வர்றப்பவே." அவர் குரலில் ஏறி நின்றிருந்த கேப்டன் இப்போது இறங்கியிருந்தார். "ஆஸ்பத்திரிக்குப் போனா இனிமே முக்குளிக்காதேம்பான். அப்புறம் படகை யாரு பாப்பாங்க?"

"நான் பாக்குறேன்."

"அதுக்குத்தான் பயமே."

"பொய் சொல்லி காலை இழக்கப் பாத்தீங்களே மாமா!"

"நீ மட்டும் என்ன யோக்கியம்? தினமும் சாப்பாடு எப்படின்னு உங்க அத்தை கேக்குறா. நல்லா இருக்குங்கிறே. உப்பே போடாத அன்னிக்கும் நல்லா இருக்குன்னே."

"உப்பு போடலையா? என்னிக்கு?" என்றாள் அத்தை.

என்றைக்கு என்று மாப்பிள்ளைக்கும் தெரியாது. நாக்கில் ருசி தெரிந்தே வெகு நாளாகிவிட்டது. அவன் கேப்டனைத் தரையில் படுக்க வைத்து, ஆக்சிஜன் முகமூடியை மாட்டி, அழுத்த அறை இருக்கிற மருத்துவமனைக்கு போன் செய்தான். கேப்டன் முகமூடியைத் தூக்கி ஏதோ சொல்ல வந்தார். அத்தை அதை மூக்கோடு சேர்த்து அமுக்கினாள். "முப்பது வருஷம் நீங்க பேசினது போதும். மூச்சு விடுங்க."

அழுத்த அறை என்பது படுக்கப் போட்ட தண்ணீர்த் தொட்டி மாதிரி இருந்தது. ஒரு கனமான கதவு, ஒரு வட்டக் கண்ணாடி. உள்ளே அழுத்தத்தைக் கூட்டினால் குமிழிகள் சுருங்கும். ஆக்சிஜன் கொடுத்தபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கொண்டுவருவார்கள். கால் பிழைக்குமா என்று அத்தை கேட்டதற்கு, "சீக்கிரம் கூட்டிட்டு வந்திருக்கீங்க, பாப்போம்" என்றார் டாக்டரம்மா. அந்தப் 'பாப்போம்' மாப்பிள்ளைக்குப் பழக்கமான சொல். முன்பு ஒருமுறை, வேறொரு மருத்துவமனையில், அதைக் கேட்டிருக்கிறான். அவன் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

வெகு நேரம் கழித்து ஒலிபெருக்கி கரகரத்தது.

"என்ன ஆஸ்பத்திரி நடத்துறீங்க? உள்ளே ஒரே எறும்பு!"

டாக்டரம்மா மைக்கைப் பிடித்தார். "எங்கே கடிக்குது?"

"இடது கால்ல! பாதம் பூரா! பிடுங்கித் தின்னுது!"

உள்ளே எறும்பு இல்லை. டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. சந்தோஷத்தில் கண்ணாடி வழியே கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

முக்குளிப்பவர்களுக்கு அந்தச் சைகைக்கு ஒரே அர்த்தம்தான்: உடனே மேலே ஏறு. கேப்டன் அலறிவிட்டார்.

"ஏத்தாதீங்கம்மா! இப்பவே ஏத்துனா நான் காலி! அவசரம் ஆகாது! மாப்ள, சொல்லுடா அவங்ககிட்ட! விதிமுறைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

மாப்பிள்ளை பேச வாயெடுத்தான். சிரிப்புதான் வந்தது. சுவரில் சாய்ந்து, அப்படியே கீழே உட்கார்ந்து, மூச்சு முட்டச் சிரித்தான்.

"என்ன சத்தம் அங்கே? யாரு அழுறது?" என்றது ஒலிபெருக்கி.

"ஒண்ணுமில்லங்க" என்றாள் அத்தை மைக்கில். "எறும்பு நல்லா கடிக்கட்டும். நீங்க பேசாம படுங்க."