நாற்பத்தொரு கேள்விச் சீட்டுகள்

பதிப்பகத்தில் எனக்குப் புரூஃப் பார்க்கும் வேலை. பிழையைத் திருத்தலாம். சந்தேகம் வந்தால் மஞ்சள் சீட்டில் கேள்வி எழுதி அந்தப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். எழுத்தாளரோ விஷயம் தெரிந்த வேறு யாரோ பதில் எழுதிக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். பதில் வராத பக்கம் அச்சுக்குப் போகாது. முன்பு ஒரு மின்வேலைப் புத்தகத்தில் சிவப்புக் கம்பி, கறுப்புக் கம்பி என்று அச்சாகிவிட்டது. அதை நம்பி வேலை செய்தவரை மின்சாரம் தூக்கி எறிந்துவிட்டதாம். அன்றைக்கு முதலாளியம்மா போட்ட சட்டம். நாவலுக்கும் அதேதான்.

நாவலுக்கு வழக்கமாக ஐந்தாறு சீட்டு வரும். இந்த நாவலுக்கு நாற்பத்தொன்று ஒட்டினேன்.

எழுத்தாளர் பேர்பெற்றவர். கதையில் ஒரு பைத்தியக்காரி வருகிறாள். தலையை விரித்துப்போட்டுச் சிரிக்கிறாள். பூட்டிய அறையில் கிடக்கிறாள். கடைசியில் ஆற்றில் விழுந்து சாகிறாள். நான் கேட்டதெல்லாம் சின்னக் கேள்விகள்தான்.

பக்கம் 31: தலைமுடி எப்போதும் அவிழ்ந்தே இருக்கிறது. வீட்டில் சீப்பு இல்லையா?

பக்கம் 77: அவளுக்கு முற்றும்போதெல்லாம் பௌர்ணமி. ஒரே மாதத்தில் நான்கு பௌர்ணமி வருகிறது. சரியா?

பக்கம் 140: பூட்டிய அறைக்குள் கழிவறை உண்டா?

கடைசிச் சீட்டு, பக்கம் 203: இவள் ஏன் சாக வேண்டும்?

என் மனைவி இறந்து ஏழு மாதம். அவளுக்கு மனநோய் இருந்தது. பத்து வருடமாக மாத்திரை. அதோடுதான் படித்தாள், வேலைக்குப் போனாள், என்னைக் கட்டிக்கொண்டாள். ஒருநாள் வயிற்றுவலி என்று மருத்துவமனைக்குப் போனோம். மருத்துவர் மாத்திரைப் பட்டியலைப் பார்த்தார். "இதெல்லாம் மனசு பண்ற வேலை" என்றார். தூங்கச் சொல்லி அனுப்பினார். குடல்வால் வெடித்திருந்தது. மறுநாள் மாலை இறந்துபோனாள்.

துக்கத்துக்கு வந்த பெரியப்பா என் காதருகே வந்து, "தானாவே தேடிக்கிட்டாளா?" என்றார்.

"குடல்வால்" என்றேன்.

"ஆமாப்பா, வெளியில அப்படித்தான் சொல்லணும்" என்று கையை அழுத்தினார்.

பெரியப்பா இந்த மாதிரி நாவல்தான் படிப்பார்.

என் மனைவியின் தங்கையும் எங்கள் பதிப்பகத்தில்தான் இருக்கிறாள். பக்கம் வடிவமைக்கும் பிரிவு. கை வேகத்துக்காக எல்லோரும் மின்னல் என்பார்கள். அவளுக்கும் அதே நோய், அதே மாத்திரை. ஆபீஸில் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பிரிவின் தலைவர் ஓய்வு பெற்றுவிட்டார். அடுத்தது யார் என்று வெள்ளிக்கிழமை முதலாளியம்மா சொல்வதாக இருந்தது. மின்னல் ஆறு வருடமாகக் காத்திருந்த நாற்காலி அது.

செவ்வாய்க்கிழமை காலை என் மேசைக்கு வந்தாள்.

"மாமா, சீட்டையெல்லாம் எடுத்துடுங்க."

"ஏன்?"

"ஏனா? ஆபீஸ் பூரா இதே பேச்சு. அக்காவுக்காகத்தான் ஒட்டியிருக்கீங்கன்னு எல்லாருக்கும் தெரியும். இன்னும் ரெண்டு நாள் போனா, 'அக்காவுக்கு இருந்துச்சே, தங்கச்சிக்கு?'ன்னு என்னைப் பார்ப்பாங்க. நாற்காலி கிடைச்ச மாதிரிதான்."

"கேள்வியில தப்பு இருக்கா?"

"தப்பு இல்ல. அதான் வயித்தெரிச்சல்."

நான் எடுக்கவில்லை. அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

புதன்கிழமை பதினோரு மணிக்கு எழுத்தாளர் வந்தார். புரூஃப் கட்டு கையில் இருந்தது. மஞ்சள் சீட்டுகள் ஓரத்தில் நாக்கு நீட்டிக்கொண்டிருந்தன. கூடத்தின் நடுவில் நின்றார். முதலாளியம்மா தன் அறையிலிருந்து வெளியே வந்தார்.

"தம்பி, உங்க வீட்டுத் துக்கம் எனக்கும் தெரியும். அதுக்காக என் நாவல் மேல ஏறி உட்கார்ந்தா எப்படி? பைத்தியத்துக்கு என்னய்யா கணக்கு வழக்கு?"

"பௌர்ணமிக்கு இருக்கு சார்" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். அவருக்கு முகம் சிவந்தது.

"பௌர்ணமியை மாத்திக்கிறேன், போ. மத்ததுக்கு? சீப்பு எங்கே, கக்கூஸ் எங்கேன்னு! இதுக்கெல்லாம் பதில் சொல்லணும்னா ஒரு பைத்தியத்தைத்தான் கூப்பிடணும்."

மின்னலின் நாற்காலி பின்னால் நகர்ந்தது.

"கூப்பிட வேண்டாம் சார். இங்கேதான் இருக்கேன்."

எழுந்து நின்றிருந்தாள். முதலாளியம்மாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"பன்னெண்டு வருஷமா மாத்திரை சாப்பிடுறேன். ரெண்டு தடவை ஆஸ்பத்திரியில இருந்திருக்கேன். உங்க முந்தின மூணு புத்தகமும் நான் செஞ்ச பக்கம்தான். உட்காருங்க. முதல் சீட்டை எடுங்க."

அவர் உட்கார்ந்தார். வேறு வழி தெரியாமல் உட்கார்ந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

"தலைமுடி" என்றார், குரல் இறங்கி.

"படுக்கையில விழுந்து கிடந்தப்போ இருபது நாள் சீவல. தூக்கமே இல்லாம நோய் தலைக்குள்ள ஏறி நின்னப்போ ஒரு நாளைக்கு ஆறு தடவை சீவினேன். உங்க ஆளு எந்தப் பக்கம்னு முதல்ல முடிவு பண்ணுங்க."

எழுதினாள். கீழே முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டாள். அடுத்த சீட்டு.

"பூட்டின ரூம்?"

"எங்க வீட்ல ரூமைப் பூட்டல, என் போனைத்தான் பூட்டினாங்க. ரெண்டே நாள்ல பதினாலு ஜோடி செருப்பு போன்லயே வரவழைச்சிருந்தேன்."

"பதினாலா?"

"பதினாலு. ஒண்ணுகூட என் அளவு இல்ல."

கூடமே சிரித்தது. முதலில் சிரித்தது அவள்தான். எழுத்தாளரும் சிரித்தார். பிறகு பேனாவைத் திறந்து, சீட்டில் இல்லாத கேள்வி ஒன்று கேட்டார்.

"அப்போ பயமா இருந்துச்சாம்மா?"

"அப்போ இல்ல சார். தெளிஞ்ச பிறகு. எல்லாரும் என் மூஞ்சியைப் படிக்க ஆரம்பிச்சாங்க பாருங்க, அப்போ. கொஞ்சம் சத்தமா சிரிச்சாலும் அம்மா மாத்திரை டப்பாவைப் பார்ப்பாங்க."

அதை அவர் எழுதிக்கொண்டார். மதியச் சாப்பாட்டுக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. நாலு மணிக்கு நாற்பது சீட்டு முடிந்திருந்தது. நாற்பது கையெழுத்து.

கடைசிச் சீட்டை எழுத்தாளர் தானே சத்தமாகப் படித்தார். "இவள் ஏன் சாக வேண்டும்?"

மின்னல் அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தாள்.

"தெரியாது சார். நான் சாகல. எங்க அக்காவும் இதனால சாகல. வயிறு வலிக்குதுன்னா. நிஜமாவே வலிச்சுது. யாரும் நம்பல."

நான் என் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலாளியம்மா கேட்டார். "சார், உங்ககிட்ட பதில் இருக்கா?"

அவர் அந்தப் பக்கத்தைத் திரும்பப் படித்தார்.

"இல்ல. கதையை முடிக்க வேற வழி தெரியல, அவ்வளவுதான்."

"அப்போ பக்கம் போகாது."

203-ஆம் பக்கத்திலிருந்து கடைசிவரை உருவி எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை மாலை பதினோரு பக்கத்தோடு வந்தார். கண் வீங்கியிருந்தது. நேராக மின்னலிடம் கொடுத்தார். அவள் நின்றபடியே படித்தாள். அந்தப் பெண் ஆற்றங்கரையிலிருந்து திரும்பிவிடுகிறாள். வேலைக்குச் சேர்கிறாள். மேற்பார்வையாளரோடு சண்டை போடுகிறாள். சண்டையில் நியாயம் அவள் பக்கம். அவரும் கடைசியில் ஒப்புக்கொள்கிறார்.

"எப்படி?" என்றார் எழுத்தாளர், பரீட்சை எழுதியவர் மாதிரி.

"மாத்திரையைக் காலையில போட வெச்சிருக்கீங்க. பஸ்ஸுல தூங்கி விழுந்து கடைசி ஸ்டாப்புக்குப் போயிடுவா. ராத்திரிக்கு மாத்துங்க. மத்தபடி..." நிறுத்தினாள். "சண்டை பிரமாதம் சார்."

வெள்ளிக்கிழமை காலை முதலாளியம்மா அவளைக் கூப்பிட்டார். அறைக்குள் இல்லை, கூடத்திலேயே. புரூஃப் கட்டு அவர் கையில் இருந்தது.

"நாற்பது சீட்டும் படிச்சேன்" என்றார். "இவ்வளவு சரியா விஷயம் சொல்றவளை இத்தனை நாள் மூலையில உட்கார வெச்சிருக்கேன். எனக்கே வெட்கமா இருக்கு. அந்த நாற்காலி உன்னோடது. உடம்பு சரியில்லன்னா சொல்லு, லீவு எடு, திரும்பி வா. எனக்கு முதுகு பிடிச்சா நானும் அதைத்தானே செய்றேன்?"

மின்னல் போய் அந்த நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தாள்.

கீழே அச்சுக்கூடத்துக்குப் போனோம். நாவலின் முதல் தாள் வந்திருந்தது. மெஷின் அண்ணன் அதை முதலாளியம்மாவிடம் நீட்டினார். அவர் வாங்காமல் மின்னலைக் காட்டினார்.

"இனிமே இவகிட்ட."

அண்ணன் தாளை அவளிடம் கொடுத்தார். "என்னம்மா தலைவரே, ஓட்டலாமா?"

"அவசரப்படாதீங்கண்ணே." ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "மை கூடுதலா இருக்கு. கொஞ்சம் குறைங்க."

குறைத்தார். இன்னொரு தாள் எடுத்தார். அவள் பார்த்தாள், என்னிடம் காட்டினாள். எழுத்து சுத்தமாக விழுந்திருந்தது.

"ஓட்டுங்க!" என்றாள், கூடத்துக்கே கேட்கும்படி.

மெஷின் ஓடத் தொடங்கியது. தரையின் அதிர்வு என் பாதம் வழியாக முழங்கால்வரை ஏறியது. அது இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றேன்.