மற்றும் குழுவினர்

வானொலி நிலையத்தில் அவரை எல்லோரும் காலண்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். காலைச் செய்தி முடிந்ததும் வரும் ‘இசையில் இன்று’ பகுதியை எழுதுவது அவர் வேலை. இதே தேதியில் பிறந்த பாடகர், மறைந்த இசையமைப்பாளர், வெளியான இசைத்தட்டு என்று மூன்று செய்திகள், இடையில் ஒரு பாட்டின் துண்டு. கேட்பவர்களுக்கு அது பல் தேய்க்கும் நேரம். அவருக்குப் பிழைப்பு.

தேதிகளிலும் பணக்காரத் தேதி, ஏழைத் தேதி உண்டு என்பார் காலண்டர். சில நாட்களில் மேதைகள் போட்டி போட்டுக்கொண்டு பிறந்திருப்பார்கள். யாரை விடுவது என்று திண்டாட வேண்டும். சில நாட்களில் ஒருவரும் பிறந்திருக்க மாட்டார், செத்திருக்கவும் மாட்டார். அப்போது ஏதோ ஒரு பியானோ கம்பெனி தொடங்கிய கதையை இழுத்து வந்து நிரப்ப வேண்டும். மழைப்பாட்டு வெளியான நாள் அப்படிப்பட்ட பரம ஏழைத் தேதி. அந்தப் பாட்டு ஒன்றுதான் அதன் சொத்து.

மழைப்பாட்டுக்கு வேறு பெயர் உண்டு, யாரும் சொல்வதில்லை. முதல் தூறல் விழுந்தால் எல்லா வானொலிகளும் அதைத்தான் போடும். பாடியவர் பெரிய பாடகி. பாட்டின் நடுவில் வாத்தியங்கள் எல்லாம் ஓய்ந்து, சொல்லே இல்லாமல் ஒரு பெண்குரல் மட்டும் மேலே ஏறி, உச்சியில் கொஞ்சம் நின்று, பிறகு மனமில்லாமல் இறங்கும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் முணுமுணுப்பது அந்த ஹம்மிங்கைத்தான்.

அதைப் பாடியது பெரிய பாடகி இல்லை, காலண்டரின் அக்கா.

அப்போது அக்காவுக்குப் பத்தொன்பது வயது. கோரஸில் பாடிக்கொண்டிருந்தாள். பெரிய பாடகி தன் பங்கை முடித்துவிட்டு அடுத்த ஒலிப்பதிவுக்குக் கிளம்பிப் போன பிறகுதான், நடுவில் எதுவோ குறைகிறது என்று இசையமைப்பாளருக்குப் பட்டது. வெளியே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அக்காவைக் கூப்பிட்டு மைக்கின் முன் நிறுத்தினார். இசைத்தட்டின் உறையில் பெரிய பாடகியின் பெயருக்குப் பிறகு ‘மற்றும் குழுவினர்’ என்று அச்சாகி வந்தது.

“ஒருத்தியே எப்பிடிடா குழுவாவா?” என்று அக்கா சிரிப்பாள். அவள் கணவர் இன்றைக்கும், “குழுவினரே, டீ கிடைக்குமா?” என்றுதான் கேட்பார்.

அது வீட்டுக்குள் சிரிப்பாக இருந்தவரை தொந்தரவில்லை. போன மாதம் அக்காவின் மகன் ஆபீசில் பேச்சுவாக்கில் இதைச் சொல்லியிருக்கிறான். “எங்கம்மாகூடத்தான் நிலாவுல மொதல்ல கால் வெச்சாங்க” என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் கைதட்டிச் சிரித்திருக்கிறார்கள். இன்னொருவன் போனில் தேடி, பெரிய பாடகியின் பெயரைக் காட்டியிருக்கிறான். அன்று மாலை மகன் சமையலறை வாசலில் வந்து நின்று, “அம்மா, நிஜமாவே அது நீதானா?” என்று கேட்டான். கேலியாகக் கேட்டிருந்தால் அக்கா கரண்டியைத் தூக்கியிருப்பாள். அவன் தெரிந்துகொள்வதற்காகக் கேட்டான். அக்கா அடுப்பை அணைத்தாள்.

மறுநாள் தம்பிக்குப் போன் செய்தாள். “உன் ரேடியோவுல ஒரே ஒரு தடவை என் பேரைச் சொல்ல முடியுமாடா? அவன் காதுல விழுந்தாப் போதும்.”

பாட்டுக்கு நாற்பதாவது ஆண்டு வருகிறது. இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது என்று காலண்டர் நினைத்தார்.

நிகழ்ச்சித் தலைவர் அவரைவிட வயதில் சின்னவர், மரியாதையான பெண்மணி. முடியாது என்பதையும் மரியாதையாகவே சொல்வார்.

“ரெண்டு ஆதாரம் வேணும் சார். நீங்க கொண்டுவந்த விதிதானே?”

“இசையமைப்பாளர் போய்ச் சேர்ந்துட்டார் மேடம். வாசிச்சவங்கள்ல பாதிப் பேர் இல்ல. மீதிப் பேருக்கு ஞாபகம் இல்ல.”

“இணையத்துல ஹம்மிங் உட்பட பெரிய பாடகிதான்னு தெளிவாப் போட்டிருக்கே?”

“அதுக்குக் கீழ ஆதாரம்னு என்ன போட்டிருக்குன்னும் பாருங்க.”

தலைவர் திரையைக் கீழே தள்ளிப் பார்த்தார். இதே நிலையத்தின் பெயர் இருந்தது. காலண்டர் வேலைக்குச் சேருமுன் யாரோ எழுதி ஒலிபரப்பான ஒரு நிகழ்ச்சி.

“அவன் நம்மளைப் பார்த்துதான் எழுதியிருக்கான் மேடம்!”

“அப்போ நாமளும் சொல்லியிருக்கோம், அவங்களும் சொல்லியிருக்காங்க. ரெண்டு ஆதாரம் ஆச்சே சார்?”

காலண்டர் மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். குடிக்காமலே மூடினார்.

பெரிய பாடகியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்று கடைசியில் தலைவர் இறங்கி வந்தார். காலண்டர் பாடகியின் வீட்டுக்குப் போன் போட்டார். உதவியாளர் எடுத்தார். அம்மா தூங்குகிறார், அம்மா சாப்பிடுகிறார், டாக்டர் வந்திருக்கிறார், அம்மா மறுபடியும் தூங்குகிறார். ஒருநாள் உதவியாளருக்கே பொறுமை போய்விட்டது. “நாப்பது வருஷத்துக்கு முன்னாடி பாடினதுக்கு இப்ப என்ன சார் அப்படித் தலைபோற அவசரம்?”

கடைசியில் தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ‘இதன் ஹம்மிங்கைப் பாடியவர் இன்னார் என்றும் சொல்லப்படுகிறது’ என்று எழுதலாம். சொல்லப்படுவதற்கு ஆதாரம் தேவையில்லை.

காலண்டர் எழுதி, அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினார்.

“நான் பாடினதா சொல்லப்படுதா? யாருடா சொல்றா? நான்தானே சொல்றேன்?”

“இவ்வளவுக்குத்தான்க்கா ஒத்துக்கிட்டாங்க.”

“சரி விடு. பேரு வருதுல்ல.”

அந்த நாள் வந்தது. அக்கா வீட்டில் ரேடியோவைக் கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். மகன் ஆபீசுக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு, சட்டைப் பொத்தானைப் போட்டபடி நின்றான். நிலையத்தில் காலண்டர் ஒலிபரப்பு அறையின் கண்ணாடிக்கு வெளியே நின்று, தொகுப்பாளினி அக்காவின் பெயரை உச்சரித்துப் பார்ப்பதைக் கவனித்துக்கொண்டிருந்தார். சரியாகத்தான் உச்சரித்தாள்.

காலைச் செய்தி முடிவதற்குள் எல்லோருடைய போன்களும் ஒன்றாக அதிர்ந்தன. பெரிய பாடகி ஆஸ்பத்திரியில் காலமாகிவிட்டார்.

‘இசையில் இன்று’ ரத்தானது. எழுதிய தாளைத் தொகுப்பாளினி புரட்டிப் போட்டு, அதன் முதுகில் இரங்கல் வரிகளை எழுதத் தொடங்கினாள். ‘இன்னிக்குப் பார்த்தா?’ என்று காலண்டருக்கு வாய்வரை வந்தது. அந்த அம்மாள் நாள் பார்த்தா போனார்? தன்மேலேயே எரிச்சல் வந்தது. அதற்காக மற்ற எரிச்சல் குறையவில்லை. இந்தத் தேதி இனிமேல் ஏழைத் தேதி இல்லை. அடுத்த வருடம் முதலாம் ஆண்டு நினைவு நாள், பிறகு ஐந்தாம் ஆண்டு, பத்தாம் ஆண்டு. மழைப்பாட்டு வெளியான நாள் என்று இனி எவன் சொல்லப்போகிறான்?

பாட்டு மட்டும் நாள் முழுக்க ஒலித்தது. எல்லா நிலையங்களிலும், டீக்கடையிலும், லிஃப்டிலும் அதுதான். ‘காலத்தால் அழியாத அந்த ஹம்மிங்’ என்று ஆளாளுக்கு உருகினார்கள்.

மதியம் நிகழ்ச்சித் தலைவர் காலண்டரின் மேசைக்கே வந்தார்.

“சார், உங்க அக்கா அவங்ககூட வேலை பார்த்திருக்காங்கன்னு சொன்னீங்கல்ல? நேரலையில கொஞ்சம் பேசுவாங்களா? அவங்களை நேர்ல தெரிஞ்சவங்க யாருமே சிக்க மாட்டேங்கிறாங்க.”

“ஆதாரம் இல்லையே மேடம்?”

“சார்… இந்த நேரத்துல போய்…”

காலண்டர் அக்காவுக்குப் போன் செய்தார். அவள் அழுது முடித்திருந்தாள்.

“எழவு வீட்டுல போய் என் பங்கைப் பிரிச்சுக் குடுங்கன்னு நிக்கச் சொல்றியாடா?”

“பங்கு கேக்க வேண்டாம்க்கா. அன்னிக்கு என்ன நடந்துச்சோ அதைச் சொல்லு. அவ்வளவுதான்.”

பின்னால் அவள் கணவரின் குரல் கேட்டது. “குழுவினர் எல்லாரும் கிளம்புங்கப்பா, வண்டி ரெடி.”

“நீங்க சும்மா இருங்க.” பிறகு அக்கா, “அவன் ஆபீசுல ரேடியோ கேக்க முடியுமான்னு கேட்டுக்கிறேன்” என்றாள்.

அந்த நிலையத்துக்கு ஒரு பெருமை உண்டு. விருந்தினர் எந்தப் பாட்டின் எந்த இடத்தைச் சொன்னாலும், சொல்லி வாய் மூடுவதற்குள் அந்த இடம் ஒலிக்கும். மதிய வேளைத் தொகுப்பாளினி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலை உயர்த்துவாள், ஒலிப்பொறியாளர் திரையில் அந்த இடத்துக்குப் போட்டுவைத்த குறியைத் தட்டுவார். இருவரும் அதில் தேர்ந்தவர்கள். தவறியதே இல்லை.

அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள், வானொலியில் யாரும் பார்க்க மாட்டார்கள் என்றாலும். காலையில் எழுதிய தாளைப் பார்த்திராத அந்தத் தொகுப்பாளினி அவள் பெயரைச் சொல்லி, ‘மறைந்த பாடகியின் இசைக்குழுவைச் சேர்ந்தவர்’ என்று அறிமுகப்படுத்தினாள். அக்கா முதலில் நன்றாகவே பேசினாள். பெரிய பாடகி கோரஸ் பெண்களுக்குத் தன் காரிலேயே இடம் கொடுத்ததை, பாடுமுன் செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் காலோடு நிற்பதை, ஒருமுறை எல்லோரையும் சிரிக்கவைத்து ஒலிப்பதிவைக் கெடுத்ததைச் சொன்னாள். பிறகு ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். வெளியே காலண்டரும் எடுத்துக்கொண்டார்.

“மழைப்பாட்டு எடுத்த அன்னிக்கு, அவங்க பாடி முடிச்சுட்டுக் கிளம்பிட்டாங்க. அப்புறம் நடுவுல வர்ற அந்த ஹம்மிங்…”

தொகுப்பாளினியின் முகம் மலர்ந்தது. விரல் உயர்ந்தது.

வாத்தியங்கள் ஓய்ந்து அந்தக் குரல் எழுந்தது. அக்கா பேசிக்கொண்டுதான் இருந்தாள். அவள் உதடுகள் அசைவது கண்ணாடி வழியே தெரிந்தது. ஒலிப்பொறியாளர், பாட்டு கெடாமல் இருக்கட்டும் என்று அவளுடைய மைக்கை மெல்லக் குறைத்தார். காலண்டர் கண்ணாடியைத் தட்டினார், கையை ஆட்டினார். ‘பிரமாதம், இல்ல?’ என்பதுபோல் பொறியாளர் தலையசைத்தார். பத்தொன்பது வயதுக் குரல் உச்சிக்குப் போய் நின்றபோது, அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள்.

“என்ன ஒரு குரல் அம்மாவுக்கு!” என்று தொகுப்பாளினி தழுதழுத்தாள். “உங்க நினைவுகளை எங்களோட பகிர்ந்துக்கிட்டதுக்கு ரொம்ப நன்றி மேடம்.” விளம்பரம் தொடங்கியது.

காலண்டர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். “அவங்க முக்கியமான விஷயத்தைச் சொல்லிட்டிருந்தாங்களே! ஏன் குறைச்சீங்க?”

“சார், அந்த இடத்துல யார் பேசினாலும் எடுபடாது” என்றார் ஒலிப்பொறியாளர். “அதான் அந்தக் குரலோட மகிமை.”

மறுபடி பேசவைக்கலாமா என்று தலைவரிடம் கேட்டார். அடுத்த விருந்தினர் படியேறிக்கொண்டிருந்தார். “ரொம்ப மனசைத் தொட்டுச்சு சார், இதுக்கு மேல பேசினா அது கெட்டுடும்” என்றார் தலைவர்.

வெளியே, நடைபாதையில் அக்காவின் போன் அடித்தது. மகன். சத்தத்தில் காதில் சரியாக விழாததால் அவள் ஒலிபெருக்கியில் போட்டாள்.

“அம்மா, கடைசியில என்ன சொன்னே? பாட்டு வந்து அமுக்கிடுச்சு. இங்க எல்லாரும் கேட்டுட்டிருந்தோம்.”

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவள் சுவர்ப்பக்கம் திரும்பி, போனை வாயருகே பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தாள். வார்த்தை இல்லாத அந்த இடத்தை. குரல் கரகரத்தது, ஆனால் வழி தெரிந்து நடந்தது. உச்சிக்கு முந்தைய படியில் நின்று, மேலே போகாமல், அங்கிருந்தே இறங்கிவிட்டது.

விளம்பர இடைவேளையில் டீ எடுக்க வெளியே வந்த தொகுப்பாளினி அதைக் கேட்டு நின்றாள். நல்ல பெண். அன்பாகத்தான் சொன்னாள்.

“அங்க இன்னும் மேல போகணும் மேடம். அம்மா அப்படித்தான் பாடியிருப்பாங்க.”

“தெரியும்மா” என்றாள் அக்கா. “இப்ப எட்டல.”

தொகுப்பாளினி புன்னகைத்துவிட்டுப் போனாள். போனில், ஆபீஸ் ரேடியோவில் அதே பாட்டு முதலிலிருந்து தொடங்கும் சத்தம் மட்டும் கேட்டது. அக்கா போனை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“டேய், இருக்கியா?”