ஆற வைக்கச் சொன்ன எண்ணெய்

தினேஸ்வரியின் நிம்மதியைக் கெடுத்தது ஒரு புட்டி கச்சா எண்ணெய்.

கடலடிக் குழாய் ஒன்றில் ஓடும் எண்ணெய் அது. மெழுகு அதிகம். சூடாக இருந்தால் ஓடும், ஆறினால் உறையும். பழுதுபார்க்க இன்று பகல் குழாயை நிறுத்தப் போகிறார்கள். உறைந்ததை மறுபடி தள்ள பம்ப் தாங்குமா என்று சோதித்துச் சொல்லும் வேலை, மலேசியாவின் ஈப்போவில் அவள் இருந்த சோதனைக்கூடத்துக்கு வந்தது. "தாங்கும், நிறுத்தலாம்" என்று நேற்றே அறிக்கை அனுப்பிவிட்டாள். மனசு கேட்காமல் இன்று காலை மிச்ச எண்ணெயைச் சூடாக்கி, தானே ஆறவைத்துப் பார்த்தாள். நேற்றைவிட மூன்று மடங்கு கெட்டி! எந்தப் பம்பும் தள்ளாது. குழாய் போனால் அவள் பேரும் போச்சு.

அதே புட்டி, கெட்டியை அளக்கும் அதே கருவி. பிறகு எப்படி?

நேற்று எண்ணெயைத் தயார் செய்தவர் கமருதீன். படித்த வேதியியலாளர்தான், ஆனால் பள்ளி விடுமுறையெல்லாம் அத்தாவின் சாப்பாட்டுக் கடையில் தே தாரிக், அதாவது உயரத் தூக்கி ஆற்றும் டீ, போட்டு வளர்ந்த கை. கைக்குப் பட்டம் கொடுப்பதில்லையே.

"கமருண்ணே, நேத்து எண்ணெய என்னா செஞ்சீங்க?"

"நீ சொன்னதுதான்லா. சூடு பண்ணி ஆத்தி வச்சேன்."

"ஆத்தியா? எப்புடி?"

அவர் இரண்டு பீக்கர்களை எடுத்து, ஒன்றை மேலே தூக்கி, இன்னொன்றைக் கீழே இறக்கிக் காட்டினார். "இப்புடித்தான். நீதானே போன்ல ஆத்தி வைக்கச் சொன்ன?"

"ஆற வைங்கன்னேன்ணே! ஆற வைங்கன்னு!"

நேற்று அவள் சுங்கை சிப்புட் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே மோட்டார்சைக்கிளை நிறுத்திச் சொன்ன சொல் அது. பாதி காற்றோடு போயிருக்கிறது. அசையாமல் ஆறினால் மெழுகுத் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இறுகும். அலைக்கழித்துக்கொண்டே ஆறவைத்தால் பிடித்துக்கொள்ள முடியாது. ஆறிய பிறகும் தளர்வாகவே நிற்கும். இருவரும் படித்த பாடம்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை.

கோபப்பட நேரமில்லை. குழாய்க்குப் பொறுப்பான பவித்ரனை அழைத்தாள்.

"குழாய நிறுத்திட்டீங்களா?"

"இப்பத்தான் நிறுத்தப் போறோம், மிஸ்."

"வேணாம்! நான் கொடுத்த நம்பர் தப்பு. அப்படியே நிறுத்துனா உள்ளயே கட்டியாயிரும்."

வெட்கத்தில் காது சுட்டது. பவித்ரன் திட்டவில்லை, அதுவே மோசமாக இருந்தது. "பழுதான வால்வ மாத்தியே ஆகணும், மிஸ். தள்ளிப்போட முடியாது. என்னா செய்ய?"

கமருதீன் இன்னும் பீக்கர்களோடு நின்றிருந்தார். அவற்றைப் பார்த்தவளுக்குப் பொறி தட்டியது. "கொஞ்சம் நேரம் குடுங்க."

எண்ணெயைத் திரும்பச் சூடாக்கினார்கள். நன்றாகச் சூடாக்கினால் பட்டதையெல்லாம் மறந்துவிடும் எண்ணெய். மனிதருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கருவியிலேயே மெதுவாகச் சுழலவிட்டு ஆறவைத்தார்கள். பிறகு நிறுத்திச் சோதித்தார்கள். தளர்வாகத்தான் இருந்தது. பம்ப் தாங்கும் அளவுதான்.

"ஹீட்டர மட்டும் அணைங்க," என்றாள் போனில். "எண்ணெய மெதுவா ஓட்டிக்கிட்டே இருங்க. ஓடிக்கிட்டே ஆறட்டும். நல்லா ஆறுனப்புறம் நிறுத்துங்க."

சொல்வது சுலபம். குழாய் அவள் பேச்சைக் கேட்க வேண்டுமே! வால்வை மாற்றிப் பம்பைத் திரும்பப் போடும்வரை சோறு இறங்கவில்லை.

மறுநாள் பவித்ரனிடமிருந்து போன் வந்தது. "பம்ப் போட்டாச்சு, மிஸ். முதல் தள்ளுலயே எண்ணெய் வந்துருச்சு."

"சரிங்க," என்றாள். போனை வைத்துவிட்டு மேசையில் தலை கவிழ்ந்து அழுதாள்.

கமருதீன் பதறி ஓடிவந்தார். "ஏன் அழுவுற? அடைச்சிருச்சா?"

"ஓடுதுண்ணே," என்றாள் சிரிப்பும் அழுகையுமாக. "நல்லா ஓடுது."

"அல்ஹம்துலில்லாஹ்," என்று அவரும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் கண்களும் சிவந்திருந்ததை அப்போதுதான் அவள் கவனித்தாள்.