அரைக்கட்டை கீழே

"உனக்கு என்னம்மா தெரியும்?"

"டிகிரி முடிச்சிருக்கேன் ஆன்ட்டி. கண்ணாடிக் கடையில லென்ஸ் வெட்டுற வேலை."

"அதை அவன் சொன்னான். கைக்கு என்ன தெரியும்னு கேட்டேன்."

"பியானோ வாசிப்பேன்."

"பழகிட்டு வாசிப்பியா, தாளைப் பார்த்ததும் வாசிப்பியா?"

"பார்த்ததும் வாசிப்பேன்."

"இருந்து சாப்பிட்டுட்டுப் போ."

எங்கள் கல்யாணம் முடிவானது இந்த ஏழு வரிகளில்தான். என் பெயரை அத்தை கேட்டதே சாப்பாட்டுக்கு நடுவில்தான். அவருடைய பெண்கள் பாடற்குழுவுக்கு வாசித்துக்கொண்டிருந்தவர் முந்தின வாரம் கோபித்துக்கொண்டு நின்றுவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மகன் பெண் தேடியிருக்கிறார், அம்மா பியானோவுக்கு ஆள் தேடியிருக்கிறார். இரண்டுக்கும் ஒரே ஆளாக நான் அமைந்ததில் அந்த வீட்டுக்கு ரொம்ப வசதி.

அதற்குப் பிறகு ஆறு வருடம். அந்த ஆறாவது வருடத்தில் குழு மூன்றாவது முறையாக வெளிநாட்டுக்குப் போட்டிக்குப் போனது. விமானத்தில் ஏறும்போது என் மனசில் இருந்தது ஒரே ஒரு விஷயம், வாடகைக்குப் பார்த்து வைத்திருந்த வீடு. மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை. ஜன்னலுக்கு நேர் எதிரே மரக்கடை. காலையில் ரம்பச் சத்தம் கேட்கும். கேட்டால் என்ன, அந்த ரம்பம்கூட ஒரே சுருதியில் நிற்கிறது. வீட்டுக்காரர் திங்கட்கிழமை வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் சொல்லாவிட்டால் வேறு ஆளுக்கு.

தனியாகப் போக அனுமதி கேட்க வேண்டும். அவ்வளவுதான். அதை மூன்று வருடமாகக் கேட்க முடியவில்லை.

"போட்டி முடியட்டும், நானே அம்மாகிட்ட பேசுறேன்" என்பார் என் கணவர். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். நடுவில் மாட்டிக்கொண்டு நின்றுபோன எதையும் கிளப்பிவிடத் தெரிந்த மனுஷர், அம்மா முன்னால் மட்டும் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிடுவார். முதல் போட்டி முடிந்தது, அம்மாவுக்கு அசதி என்றார். இரண்டாவது முடிந்தது, அம்மா சந்தோஷமாக இருக்கிறார், கெடுக்க வேண்டாம் என்றார். மூன்றாவதற்கு எங்களோடு அவரும் வந்தார், நோட்டு வைக்கும் ஸ்டாண்டுகளைத் தூக்கிக்கொண்டு.

தனி வீடு எதற்கு என்று கேட்பவர்கள் ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். செவ்வாய், வியாழன், சனி, வாரம் மூன்று நாள் கூடத்தில் பயிற்சி. இருபத்திரண்டு பெண்களின் கைப்பைகளும் எங்கள் படுக்கையறைக் கட்டிலில்தான் இருக்கும். ஒருமுறை இவர் காய்ச்சலோடு படுத்திருந்தார். அவர் கால் மேலேயே பதினோரு பை. "தம்பி, அசையாதீங்க, சரிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார் மருந்துக்கடைக்காரம்மா. மருந்துக்கடை வைத்திருக்கிறவர் காய்ச்சலுக்குச் சொன்ன ஒரே ஆலோசனை அதுதான்.

இந்த அம்மாதான் குழுவின் உச்சக்குரல். உச்சத்தில் அவர் தொடும் இடம் குரல் என்றும் சொல்ல முடியாது, விசில் என்றும் சொல்ல முடியாது. தன்னால்தான் குழுவே ஓடுகிறது என்று அவருக்கு நிச்சயம். மற்ற இருபத்தொரு பேருக்கும் தங்களைப் பற்றி அதே நிச்சயம். என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"பியானோ, கொஞ்சம் தள்ளி நில்லும்மா. போட்டோவுல விழுற."

அவர்களுக்குக் கத்தரிப்பூ நிறத்தில் தரை தொடும் அங்கி, கழுத்தில் ஜரிகை. எனக்குக் கறுப்பு. மேடையில் கண்ணில் படக்கூடாதாம். போட்டிகளில் கொடுக்கும் பரிசுப் பத்திரத்தில் இருபத்திரண்டு பெயர் இருக்கும். நடத்துபவர் என்று அத்தை பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். வாசித்தவர் யாரென்று இருக்காது. பியானோ தானாக வாசித்துக்கொண்டது போல.

இருக்கட்டும். பெயரா முக்கியம்? ஆனால் இந்தக் குழுவைப் பற்றி எனக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது.

போட்டியில் இரண்டு பாட்டு. முதலாவது, கூட எந்த வாத்தியமும் இல்லாமல் வெறும் குரலில் பாடுவது. தொடங்க ஒரே ஒரு சுரம் கொடுத்துவிட்டு நான் கையை மடியில் வைத்துக்கொள்வேன். நாலு நிமிஷப் பாட்டு. கடைசிச் சுரத்தை அவர்கள் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே, நடுவில் மூச்சு விடாமல், பியானோ உள்ளே வந்து இரண்டாவது பாட்டைத் தொடங்க வேண்டும். அத்தையின் ஏற்பாடு அது. "நடுவுல கைதட்டு விழுந்தா பாவம் கலைஞ்சிடும்" என்பார்.

கலைவது வேறு. வெறும் குரலில் பாடும் அந்த நாலு நிமிஷத்தில் இவர்கள் சுருதி இறங்கிவிடும். ஒருவருக்கும் தெரியாமல், எல்லோரும் சேர்ந்து, மெத்தையில் உட்கார்ந்த மாதிரி மெதுவாக அரைக்கட்டை, அதாவது அரைச் சுருதி, கீழே போய் நிற்பார்கள். தாளில் உள்ளபடி நான் வாசித்தால், அவர்கள் ஒரு சுருதி, பியானோ ஒரு சுருதி. சபை காதைப் பொத்திக்கொள்ளும். அதனால் இரண்டாவது பாட்டு முழுவதையும் அந்த நொடியில் மனசுக்குள் இறக்கி, அவர்கள் விழுந்த இடத்திலிருந்தே வாசிப்பேன். விரல் போகும் இடமெல்லாம் மாறும். கண் ஒன்றைப் படிக்கும், கை வேறொன்றை வாசிக்கும். ஆறு வருடமாக ஒவ்வொரு மேடையிலும் இதைச் செய்தேன். சொல்லவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? "நம்ம குழு சுருதி நகராது" என்பது அத்தை கூட்டங்களில் சொல்லும் முதல் வாக்கியம்.

போட்டி காலை பதினொரு மணிக்கு. மேடைக்குப் பின்னால் ஒரு நீளமான நடைகூடம். சுவரோரம் நாற்காலிகள். எங்களுக்கு முன்னால் பாட வேண்டிய குழு, பள்ளிக்கூடப் பிள்ளைகள், சத்தமே இல்லாமல் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் கண்ணாடி முன்னால் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"இந்தப் பிள்ளைங்க ஜரிகையைப் பாருங்க, நம்ம ஜரிகைக்குப் பக்கத்துல நிக்குமா?" என்றார் மருந்துக்கடைக்காரம்மா.

"ஜரிகைக்கு மார்க் உண்டா அக்கா?" என்று கேட்டேன்.

"நீ பியானோவைப் பாரு."

இவர் ஸ்டாண்டைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் குனிந்தார். "கோபத்துல ஏதாவது பண்ணிடாத."

"என்ன பண்ணுவேன்?"

"தெரியல. உன் முகம் சரியில்ல."

"திங்கட்கிழமை முகம். அப்படித்தான் இருக்கும்."

"இன்னிக்கு சாயந்தரம் பேசிடுறேன். சத்தியமா."

"போன ரெண்டு தடவையும் சத்தியம் பண்ணீங்க. அதுவும் அரைக்கட்டை இறங்கிடுச்சு."

அவருக்கு நான் சொன்னது புரியவில்லை. ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு போனார்.

சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. தாளில் உள்ளபடி வாசித்துவிடுவது. தப்பே இல்லை. எழுதியதைத்தானே வாசித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அத்தனை அங்கிகளும் அத்தனை ஜரிகைகளும் ஒரே நொடியில் அம்பலத்துக்கு வந்திருக்கும்.

முதல் பாட்டு தொடங்கியது. ஒரு நிமிஷம் சரியாகத்தான் போனது. பிறகு மருந்துக்கடைக்காரம்மா உச்சத்துக்கு ஏறி, தொட வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் கீழேயே நின்று, கண்ணை மூடிக்கொண்டார். தொட்டுவிட்டதாக நினைப்பு. மற்றவர்கள் அவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். கடைசிச் சுரம் வந்தபோது அளந்து வைத்தாற்போல அரைக்கட்டை கீழே இருந்தார்கள். முகங்களில் மட்டும் வெற்றி.

அத்தை கையை உயர்த்தினார். அந்த இடத்தில் அவர் எப்போதும் குழுவைப் பார்க்க மாட்டார். என் கைகளைப் பார்ப்பார். ஆறு வருடமும் அதை நம்பிக்கையின்மை என்றே எடுத்துக்கொண்டிருந்தேன், இவள் எங்கே கோட்டை விடுவாளோ என்று. அன்றும் பார்த்தார். உதட்டின் ஓரம் துடித்தது.

என் விரல்கள் அவர்கள் விழுந்த இடத்துக்கே இறங்கின. நான் சொல்லவில்லை, அவையாகவே போயின. பழகிய கை. வாசித்து முடிக்கும்வரை என் மேல் எனக்கே ஆத்திரம்.

மத்தியானம் முடிவு அறிவித்தார்கள். எங்களுக்கு வெண்கலம். சிறு பிள்ளைகளுக்குத் தங்கம். எதுவும் கிடைக்காதவர்கள் என்று யாரும் இல்லை, வெண்கலத்துக்குக் கீழே அந்தப் போட்டியில் படியே கிடையாது. இது எங்கள் ஆட்களுக்கு உறைக்கவில்லை. பத்திரத்தைப் பிடித்துக்கொண்டு இருபத்திரண்டு பேரும் தனித்தனியாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். பஸ் முக்கால் மணி நேரம் காத்திருந்தது.

பத்திரத்தோடு நடுவர்களின் கருத்துத் தாளும் கொடுத்திருந்தார்கள். அந்த ஊர்ப் பாஷை. போன இரண்டு போட்டிகளிலும் வெறும் மதிப்பெண்ணை எழுதிக் கொடுத்ததோடு சரி. எங்களோடு வந்த வழிகாட்டி நம் பாஷைக்காரர், அங்கே போய்க் குடியேறியவர். பாட்டு பற்றி ஒன்றும் தெரியாது. அத்தை தாளை அவரிடம் நீட்டினார்.

"மைக்குல படிங்க. எல்லாரும் கேட்கட்டும்."

அவர் பஸ் மைக்கை எடுத்து, ரயில் நேரம் அறிவிக்கிற குரலில் படித்தார்.

"முதல் நடுவர். உடை அழகு."

கைதட்டல். மருந்துக்கடைக்காரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டாவது நடுவர். உற்சாகமா பாடுறாங்க. இன்னும் பயிற்சி வேணும்."

பாதிக் கைதட்டல்.

"மூணாவது நடுவர். முதல் பாட்டுல குழு அரைச் சுருதி இறங்கிடுச்சு. பியானோ வாசிச்ச பெண் ரெண்டாவது பாட்டை அந்த இடத்துலேயே அரைச் சுருதி இறக்கி வாசிச்சு இவங்களைக் காப்பாத்தினார். இந்த மேடையில இன்னிக்கு நான் கேட்ட நல்ல காது அது ஒண்ணுதான். அவ்வளவுதான் இருக்கு. எல்லாரும் பெல்ட் போட்டுக்கங்க."

இருபத்திரண்டு பேரும் பெல்ட்டைத் தேடினார்கள். பிறகு மருந்துக்கடைக்காரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அதாவது, புரிய வேண்டிய விதத்தில் புரிந்துவிட்டது.

"ஓஹோ! பியானோ மாத்தி வாசிச்சிருக்கு! அதான் வெண்கலம்!"

"எழுதியிருக்கிறதை வாசிக்க மாட்டியாம்மா?" என்றது பின் வரிசை.

"எனக்கு அப்பவே காதுல ஒரு மாதிரி இடிச்சுது," என்றார் இன்னொருவர். அவருக்குக் காதில் எதுவும் இடித்ததாக வரலாறு இல்லை.

நான் அத்தையைப் பார்த்தேன். முன் இருக்கையிலிருந்து எழுந்து, மைக்கை வாங்கி, கருணை வழியும் குரலில் சொன்னார்: "சின்னப் பொண்ணு. மேடைன்னா பதட்டம் இருக்கும்தான். யாரும் அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. நான் மன்னிச்சுட்டேன்."

இதற்கும் கைதட்டினார்கள்.

எழுந்து முன்னால் போனேன். இவர் என் கையைப் பிடித்து, "அப்புறம் பேசிக்கலாம்" என்றார். கையை உதறிவிட்டுப் போய் அத்தைக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். மைக்கை அணைத்து வழிகாட்டியிடம் நானே கொடுத்தேன்.

"அத்தை, உங்களுக்கு நிஜமாவே புரியலையா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே ஒரே மாதிரிக் கட்டடங்கள் போய்க்கொண்டிருந்தன.

"மெதுவாப் பேசு," என்றார். "எனக்குத் தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"முதல் தடவையிலேர்ந்து. காது இல்லாமலா முப்பது வருஷம் பாட்டு சொல்லிக் கொடுத்தேன்? அதுகள் இறங்குறதும் தெரியும், நீ கூடவே இறங்குறதும் தெரியும். ஒவ்வொரு தடவையும் உன் கையைத்தானே பார்த்துட்டு நிப்பேன். மனசு பக் பக்குனு இருக்கும்."

சாமர்த்தியமோ பயமோ, ஆறு வருடமாக அந்தப் பார்வையை நான் தப்பாகப் படித்திருந்தேன். கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

"தெரிஞ்சும் என்னை மன்னிக்கிறீங்க. அதுவும் மைக்குல."

"வேற என்ன பண்ணச் சொல்ற? நீங்கதான் இறங்கினீங்கன்னு அதுகள்கிட்டச் சொன்னா நாளைக்கு ஒருத்தியும் வாயைத் திறக்க மாட்டா. குழுவே போயிடும். உன் மேல போட்டா என்ன குறைஞ்சுபோச்சு? நீ வீட்டுப் பொண்ணு. தாங்கிக்குவ."

"தாங்காம நான் போயிட்டா?"

அத்தை முதல்முறையாகச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. சந்தேகமே இல்லாத சிரிப்பு. என் முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டினார், பியானோ மூடியைத் தட்டி மூடுகிற மாதிரி.

"நீ எங்கடி போவ?"

நடைபாதைக்கு அந்தப் பக்கத்து இருக்கையில் இவர் வந்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஸ்டாண்டு. என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்ட ஆரம்பித்தார். பாதி ஆட்டும்போதே நிறுத்திவிட்டு, தலையைக் குனிந்துகொண்டார்.

பின்னால் யாரோ போட்டிப் பாட்டை முணுமுணுக்கத் தொடங்கினார்கள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இரண்டாவது வரியிலேயே இறங்க ஆரம்பித்துவிட்டது. அத்தையின் கண் என் கைகளுக்குப் போனது. பஸ்ஸில் பியானோ கிடையாது. என் கைகள் மடியில் இருந்தன.

"மரக்கடைக்கு எதிர்ல, மூணாவது மாடியில, ரெண்டு ரூம் வீடு ஒண்ணு பார்த்து வெச்சிருக்கோம் அத்தை," என்றேன். குரல் எனக்கே கேட்கும்படி சத்தமாக வந்தது, நகராமல் நின்றது. பாட்டு நின்றுவிட்டது. "எங்களைத் தனியா போக விடுங்க."