எந்த மாசத்துல?

கொள்ளிடக் கரையில் இருக்கும் அந்த ஊரில் மொத்தம் அறுபத்தோரு வீடு. ரேஷன் கடை, பஸ், ஆஸ்பத்திரி எல்லாம் அக்கரையில். ஊர் விவரம் எழுத வந்த பிரதாப், பைக்கை அக்கரையில் நிறுத்திவிட்டு மணலில் நடந்தே வந்திருந்தான். வார்டு மெம்பர் அமராவதி வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு எவ்ளோ தூரம்மா?"

"எந்த மாசத்துல சார்?"

அவன் கையிலிருந்த டேப்லெட்டிலிருந்து தலையை நிமிர்த்தினான். ஆறு காய்ந்து கிடந்தால் அரைக் கிலோமீட்டர், தண்ணீர் வந்துவிட்டால் பாலத்தைச் சுற்றிக்கொண்டு இருபத்திரண்டு என்று அவள் விளக்கினாள். போன ஐப்பசியில் மருமகளுக்கு வலி எடுத்து, அந்தப் பாலத்து மேலேயே ஆட்டோவில் பிள்ளை பிறந்ததையும் சொன்னாள்.

"டேப்ல ஒரு நம்பர்தான் போட முடியும்மா. மேப்பும் அரைன்னுதான் காட்டுது." போட்டுவிட்டான்.

அமராவதிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஊருக்கு வந்தவனைப் பசியோடு அனுப்ப மனம் வரவில்லை; கெண்டைக் குழம்பு ஊற்றிச் சோறு போட்டாள்.

அவன் கை கழுவும்போது தெருவில் மைக் அலறியது: "மேல தண்ணி தொறந்து வுட்டுட்டாங்க, யாரும் ஆத்துல எறங்காதீங்க!" கரைக்கு ஓடினான். வந்த வழியெல்லாம் செந்தண்ணீர் நுரைத்து ஓடியது. அக்கரையில் பைக் தெரிந்தது.

"இப்ப பைக்குகிட்ட போவணும்னா எவ்ளோ தூரம்மா?"

"நீங்கதான சார் எழுதுனீங்க, அரைக் கிலோமீட்டர்னு?" என்றாள் அமராவதி. சொல்லிவிட்டு, பேரன் பிறந்த அதே ஆட்டோவுக்குப் போன் போட்டாள்.