ஒரு சங்கு எண்ணெயும் எழுபது சதவீதமும்

எண்ணெய்க்கும் சாதிச் சான்றிதழ் உண்டு என்பது, நூர் முகமது முதலாளியின் தோல் பதனிடும் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வெளிநாட்டிலிருந்து மெஷினுக்குப் போடும் ஆயில் ஒரே ஒரு டிரம் தூத்துக்குடியில் இறங்கினாலும், அது இன்ன வகை என்று கஸ்டம்ஸுக்கு ஒரு நம்பர் எழுதிக் கொடுக்க வேண்டும். எடையில் எழுபது சதவீதமோ அதற்கு மேலோ பெட்ரோலிய எண்ணெய் இருந்தால் 2710. எழுபதுக்குக் குறைந்தால் 3403. அரை சதவீதம் இப்படி அப்படிப் போனால் வேறு நம்பர், வேறு வரி, வேறு தலைவலி.

எங்கள் ஷாப்பில் அந்தத் தலைவலிக்குச் சொந்தக்காரி நான். மரியசெல்வி, பி.காம்., பி.எட். இரண்டாவது பட்டம் எங்கள் அம்மா இஞ்ஞாசியம்மாளுக்காக வாங்கியது. எங்கள் சர்ச் நடத்தும் பங்குப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சராக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது நாலு பேர் "டீச்சரம்மா" என்று கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. நானோ தினமும் சாயங்காலம் தோல் வாடையோடு வீட்டுக்குள் நுழைவேன். "குளிச்சிட்டு வந்து பேசுடி" என்பதுதான் ஆறு வருஷமாக எனக்குக் கிடைத்த வரவேற்பு.

1999-ல் இத்தாலியிலிருந்து தோல் சீவும் மெஷின் ஒன்றை முதலாளி இறக்கினார். அதற்கென்று தனி ஆயில், பன்னிரண்டு டிரம். உள்ளே என்ன கலந்திருக்கிறாய் என்று கேட்டு ஆயில்காரனுக்கு ஃபேக்ஸ் போட்டால், தொழில் ரகசியமாம், சொல்ல மாட்டானாம். பெரிய மைசூர்பாகு பக்குவம்! டிரம் கப்பல் ஏறுவதற்கு முன்னால் அரை லிட்டர் சாம்பிளை மட்டும் கூரியரில் அனுப்புவதாகச் சொன்னான்.

முதலாளியின் மகன் முனீருக்கு என்மேல் ஏற்கெனவே கடுப்பு. "அத்தா, இதையெல்லாம் தூத்துக்குடி ஏஜெண்டுகிட்ட விட்டுருவோம். இந்தக்கா புஸ்தகத்தைப் பார்த்து நம்பர் எழுதுது. நாளைக்கு மாட்டுனா நாமதான் பதில் சொல்லணும்" என்றான்.

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "நான் எழுதுற நம்பர் தப்பாப் போச்சுன்னா, நானே சீட்டைக் காலி பண்ணிட்டுப் போறேன் முதலாளி" என்றேன். வாய் இருக்கிறதே, அதுதான் எனக்கு முதல் எதிரி. முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சரிம்மா. சொன்னது சொன்னதுதான்" என்றார்.

சாம்பிள் ஒரு திங்கட்கிழமை வந்தது. என்னோடு பள்ளியில் படித்த லிடியா காலேஜ் கெமிஸ்ட்ரி லேபில் வேலை பார்த்தாள். "புதன்கிழமை கொண்டா, லேப் காலியா இருக்கும்" என்றாள். நடுவில் செவ்வாய் முழுக்கப் பாட்டில் எங்கள் வீட்டு அலமாரியில், அந்தோணியார் சுரூபத்துக்குப் பக்கத்தில் இருந்தது. வேறு இடமில்லை, சத்தியமாக. என் வாய் சும்மா இருக்குமா? ஆபீசில் விட்ட சபதத்தை அம்மாவிடமும் சொன்னேன். "இந்த எண்ணெய்ல தப்பு பண்ணுனேன்னா வேலை போயிரும்மா." அம்மா பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "சாப்பிட வா" என்றாள்.

லிடியா அதைக் கண்ணாடிக் குழாயில் வடித்து, பிரித்து, எடை போட்டு, பெட்ரோலிய எண்ணெய் அறுபத்தெட்டரை சதவீதம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள். எழுபதுக்குக் கீழே. 3403 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சரக்கு வந்து சேரும்வரை முனீருக்கு எதிரே தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

சரக்கு இறங்கியதும் கஸ்டம்ஸ்காரர்கள் டிரம்மைத் திறந்து தாங்களே சாம்பிள் எடுத்துத் தங்கள் லேபுக்கு அனுப்பினார்கள். எழுபத்தொன்று புள்ளி நாலு என்று வந்தது. கூடவே ஒரு கடிதமும் வந்தது. வரியைக் குறைப்பதற்காக வேண்டுமென்றே தவறான நம்பர் எழுதினீர்கள் என்று ஏன் கருதக் கூடாது, நேரில் வந்து விளக்கம் சொல்லவும்.

வரி வித்தியாசத்தை முதலாளி கட்டிவிடுவார், அது பெரிதில்லை. ஆனால் "வேண்டுமென்றே" என்று முடிவாகிவிட்டால் அபராதம் உண்டு, அப்புறம் ஷாப்புக்கு வரும் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து குடைவார்கள். "சீட்டு எப்பக்கா காலியாகுது?" என்று முனீர் சிரித்துக்கொண்டே கேட்டான். முதலாளி சிரிக்கவில்லை. "விசாரணை முடியட்டும்மா. வேணும்னே செஞ்சதுன்னு எழுதிட்டாங்கன்னா, உன்னை வச்சுக்க என்னால முடியாது" என்றார்.

நேராக லிடியாவிடம் போய்க் கத்தினேன். "ஏண்டி, பிள்ளைகளுக்கு மார்க் போடுற மாதிரி குத்துமதிப்பாப் போட்டியா?"

"என் டெஸ்டைத் தப்புன்னு இன்னொரு தரம் சொன்ன, பல்லைப் பேத்துருவேன்" என்றாள் அவள். லேப் ஃபிரிட்ஜைத் திறந்து, மிச்சம் வைத்திருந்த சாம்பிளை எடுத்து என் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள். பாட்டிலின் அடியில் வெள்ளையாக உறைந்து படிந்திருந்தது. அதைக் கொஞ்சம் விரலில் தொட்டு எனக்கே முகர்ந்து பார்க்கக் கொடுத்தாள். "மெஷின் ஆயில் இந்தக் குளிருக்கெல்லாம் உறையாது. இது தேங்காய் எண்ணெய்டி. இத்தாலிக்காரன் எதுக்குத் தேங்காய் எண்ணெய் ஊத்துறான்?"

இத்தாலிக்காரன் ஊற்ற மாட்டான். யார் ஊற்றுவார்கள் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

வீட்டில் அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, அந்தப் பாட்டில்ல என்னத்த ஊத்துன?"

"அந்தோணியார் கோயில் விளக்கு எண்ணெய். செவ்வாக்கிழமை நவநாள் ஜெபத்துக்குப் போனப்ப வாங்குனது" என்றாள், உப்புப் போட்டதைச் சொல்வதுபோல. "ஒரே ஒரு சங்குதான்டி. ஊத்தி நல்லாக் குலுக்கி வச்சேன்."

குலுக்கி வேறு வைத்திருக்கிறாள்! சங்கு என்றால் கைக்குழந்தைக்கு மருந்து புகட்டுகிற சங்கு. நான் குடித்து வளர்ந்த அதே வெள்ளிச் சங்கு. கத்துவதற்குத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் ஆறு வருஷமாக என் வேலையைக் கரித்துக் கொட்டியவள், அந்த வேலை நிலைக்க வேண்டும் என்று முட்டிபோட்டு வேண்டியிருக்கிறாளே என்று நினைத்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவள் மடியில் தலையை வைத்து அழுதேன். அம்மா வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள், காலேஜ் லேப் தப்பாகச் சோதித்துவிட்டது என்று எழுதித் தப்பித்துக்கொள்ளலாம் என முனீர் யோசனை சொன்னான். லிடியாவின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டு நான் என் சீட்டில் உட்கார்ந்திருக்கவா? போடா என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, முதலாளியிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் தொந்தி குலுங்கச் சிரித்தார். "நம்ம மெஷினுக்கு அந்தோணியார் எண்ணெயா! இதை நான் போய்ச் சொன்னா எவன் நம்புவான்? உங்கம்மாவையே கூட்டிட்டுப் போ."

தூத்துக்குடியில் எங்களை விசாரித்த அதிகாரி பெயர் ரங்கசாமி, ஒட்டன்சத்திரத்துக்காரர். அம்மா திருவிழாச் சேலை கட்டி, ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எழுதிய விளக்கத்தை அவர் இரண்டு முறை படித்தார்.

"ஏனுங்கம்மா, எவ்வளவு ஊத்துனீங்க?"

அம்மா மஞ்சள்பையிலிருந்து சங்கை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ரங்கசாமி ஆள் அனுப்பி அளவுக் குழாய் ஒன்று வரவழைத்தார். சங்கில் தண்ணீர் நிரப்பி ஊற்றிப் பார்த்தார். இருபது மில்லி. கால்குலேட்டரை இழுத்து வைத்துக்கொண்டு தட்டினார். "ஆயில் அரை லிட்டர், நானூத்தி நாப்பது கிராம். அதுல எழுபத்தொண்ணு புள்ளி நாலு சதவீதம். அதோட இந்தச் சங்கு எண்ணெய் பதினெட்டு கிராம் சேர்ந்தா..." நிறுத்தினார். "அறுபத்தெட்டரை வருதுங்க."

எனக்கு எழுந்து லிடியாவுக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றியது. ஆனால் ரங்கசாமி பேனாவைத் தொடவில்லை.

"கணக்கு சரிங்க. ஆனா, வரி குறையட்டும்னு கம்பெனிக்காரங்களே உங்களை ஊத்தச் சொல்லியிருக்கலாமில்லீங்க? எதுக்காக ஊத்துனீங்க, அதைச் சொல்லுங்க."

அம்மா ஒருமுறை என்னைப் பார்த்தாள். பிறகு ஜெபமாலையைப் பார்த்தாள்.

"அந்தோணியார் எண்ணெய் விஷயத்துல பொய் சொல்ல மாட்டேன்யா. இவளுக்கு இந்த வேலை போகணும்னு வேண்டிக்கிட்டுத்தான் ஊத்துனேன்."

நான் "அம்மா!" என்றேன்.

"சும்மா இருடி. ஜூன்ல டீச்சர் வேலை தாரேன்னு பங்குச் சாமியார் சொல்லியிருக்காருய்யா. பி.எட். படிச்ச புள்ள. இவ என்னடான்னா ஆயிலு, நம்பருன்னு திரியுறா. இந்த எண்ணெய்ல தப்பு வந்தா வேலை போயிரும்னு இவதான் சொன்னா. அந்தோணியாரே, தப்பு வரட்டும்னு வேண்டி ஒரு சங்கு ஊத்துனேன். கம்பெனி எதுக்கு எனக்குச் சொல்லணும்?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. வெங்காயத்துக்கு முன்னால் அழுத அழுகையை எல்லாம் திருப்பி வாங்கிக்கொள்ள முடியுமா என்று இருந்தது.

ரங்கசாமி பேனாவை எடுத்தார். "சொல்லிக் கொடுத்துக் கூட்டிட்டு வந்த சாட்சி இப்படிப் பேசாதுங்க" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். தவறு வேண்டுமென்றே செய்யப்பட்டதல்ல, அபராதம் இல்லை, 2710-ன்படி வரி கட்டிச் சரக்கை எடுத்துக்கொள்ளலாம்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து முதலாளிக்குப் போன் போட்டேன். "வந்து சேரும்மா, அடுத்த கன்டெய்னர் பேப்பர் உன் மேஜையில கிடக்கு" என்றார். "ஆனா இனிமே ஒரு சொட்டு சாம்பிள் உங்க வீட்டுப் பக்கம் போகக் கூடாது."

மதுரை பஸ்ஸில் எட்டயபுரம் தாண்டும்வரை நான் அம்மாவிடம் பேசவில்லை. அவளே என் தோளை இடித்தாள்.

"உன் முதலாளி என்ன சொன்னாரு?"

"வேலை இருக்காம்."

அம்மா மஞ்சள்பைக்குள் கையை விட்டுச் சங்கை வெளியே எடுத்தாள். முந்தானையால் துடைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரு சங்கு பத்தலை போலடி" என்றாள்.